ஆற்றைக் குத்தகைக்கு எடுத்த உடும்பு

ஒரு காட்டில் அகலமான ஆறு ஒன்று ஓடியது. குஞ்சரம் என்ற பெண் யானை எல்லோரையும் முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தாள். கூலி ஆளுக்கு ஒரு பிடி புல்.

"இதில் திறமை போதாது" என்றது சிங்கராஜா. தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு ஆற்றை உடும்பிடம் ஒப்படைத்தது. உடும்பு கரையில் ஒரு கவுன்டர் திறந்தது. யானை அதே யானை. கட்டணம் மட்டும் பத்து நெல்லிக்காய் ஆனது.

ஒருநாள் வெள்ளச்சி என்ற முயல் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வைத்தியக் குரங்கு இருப்பது அக்கரையில்.

"அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. சீக்கிரம் போகணும்."

"அப்போ அவசரப் பயணம். நாப்பது" என்றது உடும்பு.

"ஐயோ, அவசரமில்லண்ணே. சும்மாதான் போறேன்."

"சும்மாவா? அது உல்லாசப் பயணம். அம்பது."

வெள்ளச்சியிடம் இருந்தது பன்னிரண்டு. அவள் அழுதாள். குஞ்சரம் தாயையும் குட்டியையும் தும்பிக்கையால் வளைத்துத் தூக்கி, தலைமேல் வைத்து, ஆற்றில் இறங்கிவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் உடும்பு அரசவைக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டது. சிங்கம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தது.

"கட்டணம் அதிகம் ராஜா, அதனாலதான்…" என்றாள் குஞ்சரம்.

"அதிகமா? போன வாரம் நானே போனேனே, யாரும் எதுவும் கேக்கலையே!" என்றது சிங்கம். குஞ்சரத்துக்கு வேலை போனது.

மறுநாளும் உடும்பு டிக்கெட் விற்றது. எல்லாம் காத்திருப்போர் பட்டியல். மிருகங்கள் வாங்கி வரிசையில் நின்றன. யானையின் தீவனச் செலவு மிச்சமானதால் லாபம் இரண்டு மடங்கானது. சிங்கம் உடும்புக்கு மாலை போட்டது.

மூன்றாம் நாள் அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"குஞ்சரக்கா! காய்ச்சல் விட்ருச்சு! வீட்டுக்கு வரணும்!"

குட்டி தாயின் தோளில் உட்கார்ந்து காதை ஆட்டியது. குஞ்சரம் கவுன்டரைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், இறங்கிவிட்டாள். இருவரையும் இக்கரையில் கொண்டுவந்து விட்டாள். உடம்பெல்லாம் நனைந்திருந்தாலும் மனசு லேசாக இருந்தது. வரிசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க, எல்லாரையும் கொண்டுபோய் விடுறேன். புல்லுகூட வேணாம்."

வரிசையில் முதலில் நின்ற காட்டுப்பன்றிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாங்க ரெண்டு நாளா முறையா டிக்கெட் வாங்கி நிக்கிறோம். இந்த முயல் ஓசியில போய்ட்டு வருது! இதைக் கேக்க ஆளில்லையா?"

"அதானே!" என்றது வரிசை முழுவதும்.

எல்லோரும் சேர்ந்து யானையையும் முயலையும் துரத்திவிட்டார்கள். பிறகு அவரவர் இடம் பறிபோகாமல் இருக்க, ஓடிவந்து வரிசையில் நின்றுகொண்டார்கள்.

நீதி: யானையே இல்லாத யானைச் சவாரிக்குக் காத்திருக்கும்போது, ஓசியில் போகிறவர்களை விடாமல் பிடியுங்கள். கொடுத்த காசுக்கு அதுவாவது கிடைக்கும்.