மீசை வைத்த மகதலேனா

பெண்ணைக் கிறிஸ்தவ சபை மதித்ததுபோல் உலகத்தில் வேறு யாரும் மதித்ததில்லை. ஏவாள் ஒரு பழம் தின்ற களைப்புக்காக, அவள் வம்சத்தையே இரண்டாயிரம் வருடமாகப் பேசவிடாமல் ஓய்வு கொடுத்துவருகிறோம். மகதலேனா மரியாளுக்கு, வேதத்தில் எங்குமே இல்லாத 'விபச்சாரி' பட்டத்தை இலவசமாக வழங்கினோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் சபையும் இந்தப் பாரம்பரியத்தில் இம்மியும் பிசகியதில்லை என்பதைச் செயலாளர் என்ற முறையில் பெருமையுடன் அறிவிக்கிறேன்.

2014ஆம் வருடம், ஈஸ்டர் விடியற்காலை நாடகம். கல்லறைக்கு முதலில் போய், ஆண்டவர் உயிர்த்ததை அறிவிக்கும் மகதலேனா வேடம் யாருக்கு? ஞாயிறு பள்ளி டீச்சர் அன்புக்கரசி கமிட்டி முன் வந்து நின்றாள்.

"வருசா வருசம் வசனம் சொல்லிக் குடுத்துகினு கெடக்கறேங்க. இந்த ஒரு தடவ நானே சொல்றேனே."

தலைவர் பெரியண்ணன் மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பொம்பள சபையில பேசக்கூடாதும்மா. வேதத்துல அப்போஸ்தலர் பவுலே சொல்லிட்டாரு."

"மரியாளும் பொம்பளதானுங்களே?"

"அதனாலதான் ஆம்பளையப் போடறோம்."

அவள் கணவன் சிலம்பரசன் 'ஏகமனதாக'த் தேர்வானான். மீசையை எடுக்க மாட்டேன் என்றான். மகதலேனாவுக்கு மீசை இருக்கலாம், பெண் குரல்தான் இருக்கக்கூடாது என்று தீர்மானித்தோம். சேலை மட்டும் அன்புக்கரசியுடையது. அதற்குத் தடை சொல்லாத பெருந்தன்மையைக் கவனிக்க வேண்டும்.

ஈஸ்டர் அன்று நைட் ஷிஃப்டிலிருந்து சிலம்பரசன் போன் செய்தான். "என்னய மாத்தி வுட ரிலீவர் வர்லீங்க. மிஷின வுட்டுட்டு எப்பிடி வர்றது?"

கிழக்கு வெளுத்துவிட்டது. கல்லறை வாசலை மூடியிருந்த தெர்மோகோல் கல் புரண்டுவிட்டது. தேவதூதன் இறக்கையைச் சொறிந்துகொண்டு நின்றான். அறிவிக்கத்தான் ஆளில்லை. பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். கல்லறைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பினாள்.

"அவரு இங்க இல்ல! எழுந்துட்டாரு! நான் பாத்தேன்!"

சபையே எழுந்து நின்றது. நானும் என்னையறியாமல் 'அல்லேலூயா' என்று கத்திவிட்டேன். பிறகு முறைப்படி வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பெண்கள் சமைத்த பொங்கலைச் சாப்பிட்டபடியே அவசரக் கூட்டம் நடந்தது. "நல்லாத்தான் சொன்னா. ஆனா அனுமதி இல்லாம சொன்னது செல்லாது," என்றார் பெரியண்ணன். கை தூக்கி நிறைவேற்றினோம்.

சாம்பார் வாளியோடு நின்ற அன்புக்கரசி கேட்டாள்: "நான் சொன்னது செல்லாதுன்னா, அவரு எழுந்துக்கலியாங்க?"

கமிட்டி ஆழ்ந்து யோசித்தது. "அத அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். சாம்பார் ஊத்தும்மா."

அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை. ஆகவே எங்கள் சபை விதிப்படி ஆண்டவர் இன்னமும் கல்லறையில்தான் இருக்கிறார். கல்லைத் திரும்ப உருட்டி வைத்தவர்கள் நாங்கள்.