மாமாவின் பிக்கப்பும் நான் மாற்றிய வலது பேரிங்கும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் மதிக்கிற ஒருவர் எதையாவது சொல்லிவிட்டால், என் கண்ணும் கையும் வேறு எதைச் சொன்னாலும் வாய் மட்டும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடும். இந்தப் பழக்கத்தால் ஒருமுறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்கரம் ஒன்றைப் பிரித்துப் போட்டேன். அதுவும் மாமனாருடைய பிக்கப்பின் சக்கரத்தை.

மாமா மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில் இருக்கிறார். பாசிர் கூடாங்கில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். வாரத்தில் மூன்று நாள் யோங் பெங் போய் வாழை இலைக் கட்டுகளை ஏற்றி வந்து, ஜொகூர் பாருவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த வண்டியின் சாவியை யாரிடமும் தரமாட்டார். (பெற்ற மகளிடமே தராதவர், அவளைக் கட்டிக்கொண்டு போனவனிடமா தரப்போகிறார்?)

அந்த மகள்தான் என் மனைவி கவிதா. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பெர்மாஸ் ஜெயாவில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் சிங்கப்பூருக்குக் கணினி வேலைக்குப் போய் வந்தேன். மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். துணைக்கு அவரோடு வண்டியில் போகும்போது நான் பத்துக் கேள்வி கேட்டால், ஒன்றுக்குத்தான் பதில் வரும். அதுவும் நான் கேட்காத கேள்விக்கு.

ஒரு சனிக்கிழமை மாசாய் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

“வண்டி கத்துது மாப்ள,” என்றார் மாமா. “எண்பதுக்கு மேல போனா ஊ…ன்னு ஒரே சத்தம். முன்சக்கரத்துல பேரிங் போயிருச்சு.”

“எந்தப் பக்கம் மாமா?”

“வலது பக்கந்தான். நல்லாக் கேக்குதே.”

இவர் மனதில் இடம்பிடிக்க இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று தோன்றியது. “நானே மாத்திடறேன் மாமா!” என்றேன்.

கவிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்வைக்குக் காரணம் இருந்தது. அதுவரை நான் பிரித்துப் பார்த்த ஒரே இயந்திரம் எங்கள் வீட்டு ரைஸ் குக்கர். (அது அதற்குப் பிறகு சோறு ஆக்கவில்லை.)

அன்று சாயங்காலமே உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு பேரிங் வாங்கி வந்தேன். கைப்பேசியில் ஏழெட்டு வீடியோ பார்த்தேன். சோதனை மிகச் சுலபம். ஜெக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் சக்கரம் ஆடும், சுற்றிவிட்டால் கரகரக்கும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று வீடியோக்காரர் மூன்று முறை சொன்னார்.

மறுநாள் காலை வலது முன்சக்கரத்தைத் தூக்கி, பிடித்து ஆட்டினேன். பாறை மாதிரி நின்றது. சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் வெண்ணெயாகச் சுற்றியது.

“ஆடுதா மாப்ள?” மாமா பக்கத்தில் குத்துக்காலிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“ஆடுது மாமா.”

“நான் சொன்னேன்ல!” என்று சிரித்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக நான் நாலு சக்கரத்தையும் கழற்றியிருப்பேன். இடது சக்கரத்தை நான் தொடவே இல்லை.

சக்கரம் வந்தது, பிரேக் வந்தது. நடுவில் இருந்த பெரிய நட்டு மட்டும் வரவில்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். நட்டு திடீரென்று இளகியது. நான் வீட்டு முன்னால் இருந்த லோங்காங்கில் உட்கார்ந்திருந்தேன், கணுக்கால்வரை சாக்கடைத் தண்ணீர். எதிர்வீட்டு மலாய் அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, “அலமாக்!” என்றார். மாமா என்னைத் தூக்கிவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

புதுப் பேரிங்கை அழுத்து இயந்திரத்தில் வைத்துத்தான் இறக்க வேண்டும், அடிக்கவே கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். அந்த இயந்திரம் இருந்த கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது. மாமாவிடம் சுத்தியல் இருந்தது. (மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.)

சாயங்காலம் வண்டியை ஹைவேயில் ஏற்றினோம். மாமா ஓட்ட, நான் பக்கத்தில், கவிதா பின்னால். எண்பதைத் தொட்டதும் பழைய ‘ஊ…’ வந்தது. கூடவே வலது பக்கத்திலிருந்து ‘கொர்ர்’ என்று புதிதாக ஒன்று.

“முன்னைவிட அதிகமா இருக்கே?” என்றாள் கவிதா.

“புதுப் பேரிங்… கொஞ்சம் பழகணும்,” என்றேன். மாமா கேட்காதவர் மாதிரி நேரே பார்த்து ஓட்டினார். அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மாமாவோடு சீன மெக்கானிக் ஆ லெக்கின் பட்டறைக்குப் போனேன். ஆ லெக் வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “யார் இதைச் சுத்தியலால் அடித்தது?” என்று மலாயில் கேட்டார். நான் சுவரில் தொங்கிய காலண்டரில் பொது விடுமுறைகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் சக்கரத்தைத் திரும்ப மாட்டி இறக்கிவிட்டு, இடது பக்கத்தைத் தூக்கினார். மாமா ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஆ லெக் இடது சக்கரத்தைக் கையால் பலமாகச் சுற்றிவிட்டார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது மாதிரி ஒரு சத்தம்.

மாமா வலது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “பாருங்க, பாருங்க! இந்தப் பக்கந்தான் கத்துது!”

அவர் விரல் நீட்டிய வலது சக்கரம் தரையில் அசையாமல் நின்றது.

ஆ லெக் என்னைப் பார்த்தார். நான் இடது ஜன்னல் பக்கம் போய், “மாமா,” என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். வலது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, மெதுவாக, “மாமா,” என்றேன்.

“என்ன மாப்ள?” என்று திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அசையாத சக்கரத்தைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் இருந்த கை அப்படியே தளர்ந்தது.

“இடது காது எவ்வளவு நாளா கேக்கல மாமா?”

“ஆறேழு வருஷம் இருக்கும். அந்தத் தகடு அடிக்கிற மெஷின் எனக்கு இடது பக்கந்தான் இருந்துச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. வண்டிய ஓட்ட விடமாட்டா,” என்றார். அவருக்குக் கவிதா இன்னும் பாப்பாதான்.

அப்படிக் கெஞ்சுகிற முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. பதிலுக்கு என்னிடம் இருந்த உண்மையைச் சொன்னேன். “மாமா, நேத்து அந்தச் சக்கரம் ஆடவே இல்ல.”

“பின்ன ஏன் ஆடுதுன்னீங்க?”

“நீங்க சொன்னீங்களே…”

என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, சிரிக்கத் தொடங்கினார். வண்டியே குலுங்கியது. “ஹோய், அங்கிள்! ஜெக் லா!” என்று ஆ லெக் அலறினார்.

அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னால், கவிதாவைப் பெண் கேட்பதற்காக இதே வண்டியில் யோங் பெங்வரை போயிருக்கிறேன். இரண்டு வாரம் மனப்பாடம் செய்த பேச்சு. வழியில் கூலாயில் தொடங்கி ஆயர் ஈத்தாமில் முடித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு மாமா, “தார்ப்பாய இழுத்துக் கட்டினாத்தான் இலை வாடாது,” என்றார். இலை என்றால் கவிதா, தார்ப்பாய் என்றால் நான் என்று புரிந்துகொண்டு கண்கலங்கினேன். என் பேச்சால்தான் கல்யாணம் நடந்தது என்று ஒரு வருடமாகக் கவிதாவிடம் பெருமையடித்தும் வந்தேன்.

“மாமா, அன்னிக்கு யோங் பெங் போறப்ப, கவிதாவப் பத்திப் பேசினேனே…”

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி. அரை மணி நேரம் பேசினேன்.”

“அப்படியா? பாப்பா வந்து சொன்னா, நான் சரின்னேன். நீங்க ஒண்ணுமே பேசலையேன்னு எனக்குக்கூடக் கொஞ்சம் வருத்தந்தான்.”

ஆ லெக் இரண்டு பக்கமும் புதுப் பேரிங் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. கிளம்பும்போது மாமா சாவியை என் கையில் வைத்தார்.

“நீங்க ஓட்டுங்க. நான் இந்தப் பக்கம் உட்காந்தாத்தான் கேக்கும்.”

வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும், “அன்னிக்கு என்ன பேசினீங்க? இப்ப சொல்லுங்க,” என்றார்.

கட்டிய மனைவியை இன்னொரு முறை பெண் கேட்டேன். கூச்சத்தில் வார்த்தை குழறியது. ஒரு சிவப்பு விளக்கில் முழுவதும் மறந்தும் போனது. “உங்க மகளை அழவிடமாட்டேன் மாமா” என்ற வரியை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டேன். மாமா முன்பக்கமே பார்த்தபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

நான் முடித்ததும் சொன்னார்: “சரி மாப்ள. யோசிச்சுச் சொல்றேன்.”

அன்று சாயங்காலம் அவரே கவிதாவிடம் காது விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் அழுதாள், திட்டினாள், மறுவாரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். இப்போது காதுக்கருவி இருக்கிறது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் மாமாவிடம் கேட்டுவிடுவார்: “என்னப்பா, மாப்பிள்ளைக்கு ஏதாவது பதில் சொன்னீங்களா?”

மாமா என் சின்ன மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வார்: “பொண்ணு விஷயம். அவசரப்பட முடியுமா? பையன் எப்படின்னு இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்ல.”