ஆமை படம் போட்ட பொத்தான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கை நலம், அதில் சந்தேகமே இல்லை. என் நலத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி, வீட்டில் அக்காவின் கண் சிகிச்சை, பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இந்த வீட்டில் நான் போனைத் தொட்டாலே பக்கத்து அறையிலிருந்து, "யாருங்க, வெல்டரா?" என்று குரல் வருகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் அவசரம். வருகிற திங்கட்கிழமை உங்கள் தங்கை ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறாள். பத்து மணி நேரப் பயணத்தில் ஒரு கல்குவாரி. அங்கேயே இரண்டு வருடம் தங்கிக் கல் உடைக்க வேண்டுமாம். அவள் அங்கே, நான் இங்கே. என் பேச்சு எடுபடவில்லை. உலகத்திலேயே அவள் கேட்கிற பேச்சு உங்கள் பேச்சு ஒன்றுதான். திங்களுக்குள் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் செய்தி. நேரமில்லை என்றால் இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுங்கள். மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

உங்களுக்கே தெரியும், நான் முப்பத்தோரு வருடம் நூலகராக இருந்தவன். அவள் கனரக வாகனப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவள். ஒரே வருடத்தில் இருவரும் ஓய்வு பெற்றதும் ஜன்னலோரம் இரண்டு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். அவள் நாற்காலியில் அவள் ஒரே ஒரு மதியம் உட்கார்ந்தாள். "இது ஆடுதுங்க, போல்ட் லூசு" என்று ஸ்பேனர் எடுக்கப் போனவள்தான், மறுமாதம் ஒரு நடமாடும் கிரஷரோடு திரும்பி வந்தாள். கிரஷர் என்றால் ஏதோ மாவரைக்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், மச்சான். நாற்பது டன். ட்ரெய்லரில் ஏறி வரும், வேலை நடக்கிற இடம் வந்ததும் இரும்புப் பட்டையில் தானே இறங்கி நடக்கும். தலையில் ஒரு தொட்டி, நடுவில் இரண்டு இரும்புத் தாடை, வாலில் ஒரு பெல்ட். இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டைப் பொக்லைன் அள்ளித் தொட்டியில் போட்டால் தாடை மென்று துப்பும், பெல்ட்டுக்கு மேலே தொங்குகிற காந்தம் கம்பிகளைத் தனியே இழுத்துப் போடும், சல்லடை பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, தூள் என்று மூன்று குவியலாகப் பிரித்துவிடும். இடிபாட்டை லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டாம், ஜல்லிக்கு மலையை உடைக்கவும் வேண்டாம், பழைய கட்டடமே புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்குப் பாடம். "அப்படியானால் குவாரிக்கு எதுக்குப் போற? அங்க மலையத்தானே ஒடைக்கிறாங்க?" என்று மடக்கினேன். "அங்க ஏற்கெனவே ஒடச்சுப் போட்ட பாறையே மலை மாதிரி கெடக்குதுங்க. மிஷினே கல்லுகிட்ட போயிட்டா லாரி அலைய வேணாம்ல?" என்றாள். மடக்கியவன் நான், மடங்கியவனும் நான்.

வேலையாட்கள் அந்த இயந்திரத்துக்கு 'மாமியார்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் நொறுக்கிவிடுகிறதாம். போன வாரம் வாசலில் நின்றபடி உங்கள் தங்கை போனில், "மாமியார் வாயில கல்லு சிக்கிக்கிச்சா? யாரும் கை வைக்காதீங்க, மொதல்ல ஆஃப் பண்ணுங்க, நான் கடப்பாரையோட வர்றேன்!" என்று கத்தியதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டம்மா என்னிடம் வந்து, "உங்கம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்று கண் கலங்க விசாரித்தார். வீட்டுக்குள்ளும் இன்ஜின் ஓடுகிற நினைப்பிலேயேதான் பேசுகிறாள். "உப்ப எடுங்க" என்பது தெருமுனை வரை கேட்கிறது. என் அகராதிகளின் மேல் ஒரு விரற்கடை தூசி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் எதிரில் இருப்பதில்லை, வேலைக்குப் போயிருப்பாள்.

இப்போது எங்கே வேலை தெரியுமா? என் பழைய நூலகத்தில். புத்தகங்களை முன்பே பத்திரமாக வேறிடம் கொண்டுபோய்விட்டு, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்த இடத்தை நொறுக்குகிற வேலையை என் மனைவியே எடுத்திருக்கிறாள். இதை நான் எந்த அலமாரியில் கொண்டுபோய் வைப்பது? படிப்பகத்துச் சுவர் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதில் 'அமைதி காக்கவும்' என்று நீல வண்ணத்தில் நான் என் கையால் எழுதியிருந்தேன். அதை மட்டும் கடைசியாக இடிக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், அவளும் சரி என்றிருந்தாள்.

நேற்று, வியாழக்கிழமை மதியம், அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்போதுதான் மாமியாரைப் பத்தடி நகர்த்துவதற்காகத் தாடையை நிறுத்திவிட்டு இன்ஜினை மட்டும் ஓட விட்டிருந்தார்கள். நகர்த்துவதற்கு ஒரு ரிமோட் உண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து இன்ஜினீயர் வரைபடம் காட்ட வாசல் பக்கம் கூப்பிட, உங்கள் தங்கை ரிமோட்டைக் கழற்றி அங்கே நின்றிருந்த ஒரு படித்த மனிதர் கழுத்தில் மாட்டி, "கொஞ்சம் வச்சிருங்க, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மனிதர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை, நடந்ததைக் கிளறி என்ன ஆகப்போகிறது? இன்ஜின் உறுமுகிறது, காது அடைக்கிறது. ரிமோட்டில் ஒரு பக்கம் முயல் படம், இன்னொரு பக்கம் ஆமை படம். ஆமை சாதுவான பிராணி, ஒரு நாளும் கத்தாது, ஆகவே அது சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் என்று படித்தவன் எவனும் முடிவு கட்டுவான். அவரும் அமுக்கினார். சத்தம் குறையவில்லை. ரிமோட்டில் அதற்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியையும் முன்னால் தள்ளிப் பார்த்தார். மாமியார் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பயத்தில் அவர் குச்சியைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆமை வேகம் என்றால் ஆமை வேகமேதான், மச்சான்; கூடவே பேசிக்கொண்டு நடக்கலாம், நாங்கள் எல்லோரும் நடந்தோம். முதலில் இன்ஜினீயரின் தகரக் கொட்டகை. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. அது மரியாதையாக ஒரு பக்கம் சாய்ந்து, சற்று யோசித்து, படுத்துவிட்டது. பொக்லைன் ஓட்டுநர், "சார், செவப்பு பட்டன்! செவப்ப அமுக்குங்க சார்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த மனிதருக்கோ, நூலகத்தில் சிவப்புப் புள்ளி வைத்த, இரவல் தராத நூலை யாரையும் தொடவே விடக்கூடாது என்று முப்பத்தோரு வருடப் பழக்கம். சிவப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அமுக்கினார். ஹாரன் அடித்தது. தூசிக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் திறந்து எல்லோரையும் தொப்பலாக நனைத்தது. மாமியார் நேரே போய்ப் படிப்பகச் சுவரில் நெற்றியை வைத்துத் தள்ளினாள். சுவர் விழுந்தது.

உங்கள் தங்கை வந்து அந்த மனிதர் மார்பில் தொங்கிய சிவப்புப் பொத்தானை ஒரு விரலால் தட்டினாள். எல்லாம் நின்றது. கீழே கிடந்த நீல எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நீங்க எழுதினது விழுந்துடுச்சேங்க" என்றாள். ஆறு மாதத்தில் அவள் மெல்லிய குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதாவது, அந்த மனிதர் தாங்கியிருப்பார். சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரும் மாமியார் வாய்க்குள் போய்விட்டது. என் அமைதி இப்போது இருபது மில்லிமீட்டர் ஜல்லியாகக் கிடைக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மச்சான். சத்தம் பழகிவிடும். அவள் குவாரிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் கேட்ட அமைதி முழுசாகக் கிடைக்கும், அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து அவளைத் தடுத்து நிறுத்துங்கள். மாமியாரை விற்றுவிடச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர்ந்து, நன்றாகப் படித்து, படம் பார்த்துப் பொத்தானை அமுக்காதவர்களாக விளங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் இரண்டாவது நாற்காலி

பின்குறிப்பு: தபால்தலை வைத்த டப்பாவில் இப்போது கிரீஸ் இருக்கிறது. தலையைத் தேடி எடுப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. அந்தப் படித்த மனிதர் நான்தான். நீங்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவள் என் சுவரை வேறெதனோடும் கலக்காமல் தனியாக அரைக்க விட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளிப் பாதுகாப்பாக நிற்க வைத்தாள். அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரியது பெரியதோடு, சின்னது சின்னதோடு, தூள் தூளோடு என்று ஒரு கல்கூட இடம் மாறாமல் போய் விழுந்தது, மச்சான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு வாசகர்கூட எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்ததில்லை. மறுநாளே மூன்று குவியலுக்கும் அட்டையில் எண் எழுதிச் செருகினேன். லாரிக்காரர்கள் இப்போது என்னைக் கேட்டுத்தான் அள்ளுகிறார்கள். இன்று காலை ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து: இயந்திரப் பொறுப்பு அவள், குவியல் பொறுப்பு நான். புதன்கிழமை கிளம்புகிறோம். இரண்டு நாற்காலிகளையும் ட்ரெய்லரில் ஏற்றியாயிற்று, போல்ட் முறுக்கியாயிற்று.

ஆகவே நீங்கள் போன் செய்து அவளைத் தடுக்க வேண்டாம். ஆனால் போன் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். எவ்வளவு கெஞ்சியும் ரிமோட்டை என் கையில் தரமாட்டேன் என்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.