நீலப்பல் வழியே போன குறட்டை

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு வழக்கிலாவது என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். வழக்கு இதுதான்: எங்கள் வீட்டில் குறட்டை விடுவது யார்?

"நீங்க" என்கிறாள் அவள். "நீ" என்கிறேன் நான். பதினெட்டு வருஷமாக வாய்தா வாங்கி இழுத்துக்கொண்டிருந்த வழக்கு. அதற்குத் திடீரென்று அவசரம் வந்ததற்குக் காரணம் என் மைத்துனர். அவளுடைய அண்ணன். காது டாக்டர். இங்கே ஆஸ்பத்திரியில் ஏதோ பயிற்சி என்று ஒரு மாதம் எங்களோடு தங்க அன்று சாயங்காலம் வருகிறார்.

"அண்ணனுக்கு உங்க கம்ப்யூட்டர் ரூமைக் கொடுத்துடலாங்க."

"ஹால்ல படுக்கட்டுமே."

"ஹால்ல உங்க குறட்டை கேக்கும். பாவம், காதை நம்பிப் பிழைக்கிற மனுஷன்."

கம்ப்யூட்டர் அறை என் ராஜ்ஜியம். எட்டடிக்குப் பத்தடி. இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காரக்கூடிய ஒரே இடம். குளியலறையில்கூட ஐந்து நிமிஷத்துக்கொருமுறை தட்டுவாள்.

"குறட்டை உன்னோடதுன்னு நிரூபிச்சுட்டா?"

"அண்ணன் ஹால்ல படுத்துக்குவார். நிரூபிக்கலைன்னா உங்க ரூம். அண்ணனே தீர்ப்பு சொல்லட்டும்."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கண்ணயர்ந்தாள். நானும் பக்கத்தில் படுத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் சொருகினேன். இரண்டாவது நிமிஷமே ஆரம்பித்தது. என்ன குறட்டை என்கிறீர்கள்! மரமறுக்கும் பட்டறையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல. ஆனந்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. சந்தேகம் வரக்கூடாதே என்று, சும்மா பேருக்குத்தான், நானும் கண்ணை மூடினேன்.

திறந்தபோது அவள் அடுக்களையில் இருந்தாள். பதிவு நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. அதை நிறுத்தி, முதல் மூன்று நிமிஷம் மட்டும் போட்டுப் பார்த்தேன். அருமை. ஆனால் என் போனின் ஸ்பீக்கர் ஜலதோஷம் பிடித்தது. லாரி அதில் கொசுவாகிவிட்டது. கம்ப்யூட்டரின் பெரிய ஸ்பீக்கரில் போட்டால்தான் தீர்ப்பு அதிரும்.

இரண்டையும் இணைக்கும் கேபிளைத் தேடினேன். அதை வைத்து அவள் ஜன்னல் கம்பியில் மணிபிளாண்ட் கொடியைக் கட்டியிருந்தாள். அவிழ்த்தால் ஏனென்று கேட்பாள். எனவே கம்பியில்லாமல், ப்ளூடூத். நீலப்பல்.

போனில் தட்டினேன். தேடியது. 'ஸ்பீக்கர்' என்று ஒரு பெயர் வந்தது. என் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் தானே பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். இணைத்தேன். குறட்டையை ஓடவிட்டேன். என் அறையில் சத்தமே இல்லை. ஒலியளவை முழுசாக ஏற்றினேன். அப்போதும் இல்லை.

ஒரு நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். வீட்டின் முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவர். கையில் ரப்பர் உறை.

"சார், உங்க போன் என் ஸ்பீக்கர்ல சேர்ந்திருக்கு."

"அப்படியா?"

"பேஷண்ட் பயப்படக்கூடாதுன்னு மெல்லிசா வீணை வாசிக்க விட்டிருந்தேன். நடுவுல இது வந்துச்சு. நாற்காலியில இருந்தவர் பல்லைக் கொடைய ஆரம்பிச்சிட்டேன்னு நினைச்சு எழுந்து ஓடிட்டார். நான் இன்னும் வாயையே திறந்து பார்க்கல."

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"பரவால்ல. ஆனா அந்த மெஷின் எங்க வாங்கினீங்க? பழைய மாடல் மாதிரி இருக்கே."

அவரை அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். போனைக் கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே நிறுத்தினேன். இரண்டும் முகம் பார்க்கட்டும் என்று. பிறகு அதன் தலைமேல் வைத்தேன். பிறகு இரண்டையும் துடைத்தேன். தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. நீலப்பல் பல்லை இளித்துவிட்டது.

"என்னங்க பண்றீங்க?" மனைவி கதவோரம் நின்றாள்.

"ஒரு பாட்டு. கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்."

"கம்ப்யூட்டர்ல ப்ளூடூத்தை ஆன் பண்ணீங்களா?"

"அதுலயும் பண்ணணுமா?"

அவள் குனிந்து எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். கம்ப்யூட்டர் ஆறு இலக்க எண்ணைக் காட்டியது. போனும் அதையே காட்டியது.

"இந்த ரெண்டும் ஜோடி சேரலாமான்னு கேக்குதுங்க. நம்பர் பொருந்துதா?"

"பொருந்துது."

"நம்ம விஷயத்துல இவ்வளவுகூடப் பார்க்கல." 'சரி'யை அழுத்தினாள். "இப்ப நீங்க அனுப்புங்க, நான் இங்க வாங்கிக்கறேன். பாட்டு பெரிசு போலிருக்கே."

"கச்சேரி" என்றேன்.

கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைந்தது. எனக்கு எதிரான... மன்னிக்கவும், அவளுக்கு எதிரான சாட்சியை அவளே பொறுமையாக வாங்கி வைத்துவிட்டுப் போனாள். உள்ளுக்குள் துள்ளினேன்.

ஐந்து மணிக்கு மைத்துனர் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். மனைவி காபியோடு வந்து நின்றாள். ஓடவிட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மைத்துனர் கண்ணை மூடிக் கேட்டார். "மாப்பிள்ளை, இது குறட்டை இல்லை. வாயால போடற சத்தம். நடுவுல சிரிப்பை அடக்கறது கேக்குது பாருங்க."

நான் வாய் திறப்பதற்குள் அந்தச் சத்தம் நின்றது. வேறொன்று தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் லாரியெல்லாம் சைக்கிள்.

"இதுதான் நிஜம்" என்றார் மைத்துனர். "யாருது?"

ஸ்பீக்கரே பதில் சொன்னது. முதலில் மனைவியின் குரல்.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

"ம்ம்." என் குரல். தூக்கத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் வியாதி எனக்கு உண்டு.

"இந்த வீட்டுல யாருங்க குறட்டை விடறது?"

"நான்தான்."

"அண்ணனுக்கு எந்த ரூம்?"

"கம்ப்யூட்டர் ரூம்."

"ஒரு மாசம் போதுமா?"

"எத்தனை நாள் வேணா இருக்கட்டும்."

நிறுத்தப் பாய்ந்தேன். பதற்றத்தில் ஒலியளவு ஏறியதுதான் மிச்சம்.

"உங்க சாமானெல்லாம்?"

"நானே எடுத்து வெச்சிடறேன்."

மைத்துனர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "தூக்கத்துலகூட இவ்வளவு பாசமா மாப்பிள்ளை? ஆறு மாசப் பயிற்சியும் ஒண்ணு இருக்கு. சேரலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

மனைவியை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். "நான் பதிவு பண்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"பதிவு ஆரம்பிக்கும்போது உங்க போன் 'டிங்'குனு ஒரு சத்தம் போடுமேங்க."

"எனக்குக் கேக்கலையே."

அவள் கவலையோடு உள்ளே எட்டிக் கூப்பிட்டாள்: "அண்ணா, கைவேலை ஒண்ணுமில்லைன்னா இவர் காதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தார். என் அறையில், என் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டு, என்னை முக்காலியில் உட்காரவைத்து.