செம்பருத்தி சூடிய மரம்

நின்றால் மரப்பட்டை, நடந்தால் இலை, வரிசையில் நின்றால் ஆளே இல்லை. அது என்ன?

பச்சோந்தி என்று சொன்னவர்கள் உட்காருங்கள். சொல்லாதவர்களும் உட்காரலாம், கதை எல்லோருக்கும்தான்.

ஒரு காட்டில் கோடை முற்றி, குளம் வற்றிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீரை, படம் போட்ட அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் தினம் ஒரு குடம் என்று கொடுத்தார்கள். அட்டையில் ஆள் தெரிய வேண்டும். அதுதான் சட்டம்.

குழலி என்ற பச்சோந்திக்கு அட்டை இல்லை. அவள் மகள் சிட்டுவுக்குத் தாகத்தில் நாக்கு சுருண்டுவிட்டது. நாக்கு நீண்டால்தான் ஈ பிடிக்க முடியும். ஈ பிடித்தால்தான் சாப்பாடு.

குழலி அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் நின்ற காய்ந்த மருத மரத்தில் ஒட்டி நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். பயம் வந்தால் குழலிக்குப் பின்னால் இருப்பதன் நிறம் வந்துவிடும். அலுவலகம் என்றாலே அவளுக்குப் பயம்.

"ஆள் இல்லை" என்றது கேமரா.

"அடுத்து யாரு?" என்றது எழுத்தர் குரங்கு.

பின்னாலிருந்த கொக்கு அவள் வாலை மிதித்துக்கொண்டு முன்னால் போனது. "அடடே, யாரும் நிக்கலைன்னு நினைச்சேம்மா."

இதைப் பார்த்த மயில் சிரித்தது. "பளிச்சுனு தெரியணும் தங்கச்சி! என்னைப் பாரு, காட்டுல யாராவது என்னைப் பார்க்காமப் போவாங்களா? இந்தா, இதை வச்சுக்க" என்று ஒரு செம்பருத்திப் பூவை அவள் தலையில் செருகிவிட்டது.

குழலி மறுபடி போய் நின்றாள். மறுபடியும் பயந்தாள். ஆனால் பூ பயப்படவில்லை.

"ஆள் உண்டு" என்றது கேமரா.

அட்டை வந்தது. அதில் செம்பருத்தி சூடிய ஒரு மரம் இருந்தது. பெயர் குழலி.

"இது நான் இல்லீங்களே" என்றாள் குழலி.

"பேரு சரியா இருக்குல்ல? படத்துல யாரு இருக்காங்களோ அவங்களுக்குத்தான் தண்ணி. நான் சட்டத்தை மீற மாட்டேன்" என்றது குரங்கு. உடனே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றியது. "அம்மா குழலி, வாங்கிக்கிட்டீங்களா?" என்று மரத்திடம் கேட்டது. மரம் மறுக்கவில்லை. குரங்கு திருப்தியோடு திரும்பியது.

வேர்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரைச் சிட்டு குடித்தாள். நாக்கு நீண்டது.

தினமும் குடம் வந்தது. மரம் துளிர்த்துப் பூத்தது. பூவுக்கு ஈக்கள் வந்தன. சிட்டு கொழுத்தாள்.

ஒருநாள் மேலதிகாரி கரடி சோதனைக்கு வந்தது. அட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

"தப்பு நடந்துபோச்சும்மா. நல்ல விளக்கு வச்சு உங்க முகத்தையே படம் எடுத்துடறோம். இனிமே வரிசையில நின்னு கையில வாங்கிக்கலாம். ஆனா மரத்தோட அட்டை ரத்து. எது வேணும், சொல்லுங்க."

குழலி மகளைப் பார்த்தாள். மகளோ வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மயில் குடத்தோடு நின்றது.

"உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சு" என்றது குரங்கு.

"அது நேத்து, ஐயா!"

"அந்தத் தோகையை மறப்பேனா? ரெண்டாவது தடவை வர்றீங்க. சரி, வந்ததுதான் வந்தீங்க, மேலதிகாரி வந்திருக்கார், ஓர் ஆட்டம் ஆடிட்டுப் போங்க."

மயில் வறண்ட தொண்டையோடு தோகையை விரித்தது.

"சிட்டு, நீயே சொல்லும்மா. நம்ம முகமா, மரமா?" என்று கேட்டாள் குழலி.

சிட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

நீதி: எல்லோர் கண்ணிலும் படுங்கள், ஆடக் கூப்பிடுவார்கள். தாகம் எடுத்தால் மட்டும் யார் கண்ணிலும் படாதீர்கள்.