எங்கள் வீட்டுக் கள்ளத்தராசு

என்னைத் தெருமுனையில் பார்த்தாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் எடை ஆய்வாளர். இருபது வருஷ சர்வீஸ். ஐம்பது கிராம் குறைந்தாலும் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில், பதினாலு வயசு மகள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிக்கொண்டிருந்தாள். விடுவேனா?

ஒரு திங்கட்கிழமை கூடத்தில் எடை மிஷினை வைத்தேன். சுவரில் அட்டவணை ஒட்டினேன். தினமும் காலையில் பாப்பா ஏற வேண்டும். நான் உரக்கப் படித்து, எழுதி, கையெழுத்தும் போடுவேன்.

"வயசுப் பொண்ணை நடுக்கூடத்துல நிறுத்தி எடை போடாதீங்க," என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? இது என் தொழில்."

"உங்க தொழில் மூட்டையை நிறுக்கிறது. இது பொண்ணு."

நான் காதில் வாங்கவில்லை. முள் இறங்கியது. இரண்டாவது வாரம் மளமளவென்று இறங்கியது. பாப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். தட்டில் இருந்த தோசையை எட்டாகப் பிய்த்து ஒன்றைத் தின்றுவிட்டு, "பசிக்கல" என்று எழுந்து போவாள். காலையில் கண் விழித்ததும் முதல் பேச்சே, "நேத்தைவிடக் குறைஞ்சிருப்பேனாப்பா?" என்பதுதான். நான், மடையன், "சபாஷ்!" என்றேன்.

மூன்றாவது வாரம் அதிசயம். பாப்பா தட்டைக் காலி செய்கிறாள், முள் அப்போதும் இறங்குகிறது! நானும் ஏறிப் பார்த்தேன். ஏழு கிலோ குறைவு. தலைகால் புரியவில்லை. ஆபீசில் குமாஸ்தாவிடம் பீற்றிக்கொண்டு அங்கிருந்த தராசில் ஏறினேன். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

அன்று சாயங்காலம் முத்திரை போட்ட இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கிவந்து வீட்டு மிஷினில் வைத்தேன். பதிமூன்று என்றது. என் வீட்டிலேயே கள்ளத்தராசு!

"யார் பண்ண வேலை இது?"

"நான்தான்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "அடியில இருக்கிற திருகைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பினேன்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினேழு வருஷமா எந்தக் கடைக்காரன் எந்தத் திருகைத் திருப்பினான்னு சாப்பாட்டு மேஜையில பாடம் எடுத்தது யாரு?"

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க மனசு கோணக்கூடாதுன்னுதான் தினமும் ஏறுறா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டாவது வாரம் அவ ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டா."

"ஐயோ! ஏன் சொல்லல?"

"சொன்னா, எத்தனை கிலோ குறைஞ்சிருக்குன்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். இருபது வருஷமாக அடுத்தவன் தராசை நோண்டியவனுக்குப் பெற்ற பெண் கரைவது தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டினியா? என்ன சொன்னாரு?"

"எடை போடாதீங்க, தட்டை எட்டிப் பாக்காதீங்க, எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க, அவ உடம்பைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்கன்னாரு. 'உங்க வீட்டுக்காரர் கேப்பாரா'ன்னாரு. கேக்க மாட்டாருன்னேன்."

அட்டவணையைக் கிழித்தேன். மிஷினைப் பரணில் ஏற்றினேன். உள்ளே பாப்பா பாடம் படிக்கும் குரல் கேட்டது. பழைய தெம்பு இன்னும் வரவில்லை. எப்போது வருமோ, வருமோ வராதோ, யாரைக் கேட்பது?

"மறுபடி எப்போ போகணும்?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு."

"நான் லீவு போட்டுடுறேன். பாப்பாவை நானே கூட்டிட்டுப் போறேன்."

"பாப்பா வர வேணாம்," என்றாள். "வெள்ளிக்கிழமை அவர் பாக்கணும்னது உங்களை."