டமாரத்துக்கு ஒரு புகைக்குழாய்

சுதந்திரம் வந்த வருஷத்தில் மலாக்கா முழுக்க எழுந்த கொண்டாட்டச் சத்தத்தை ஒற்றை ஆளாகத் தோற்கடித்தவர் எங்கள் காஜா பெராங் தெரு டமாரம்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் ஒரு தோட்ட டிராக்டர் இருந்தது. பின்னால் நடந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர வண்டி. கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை போகிற போக்கில் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் புகைக்குழாய் துருப்பிடித்து விழுந்த நாளிலிருந்து, வண்டியைக் கிளப்பினால் எங்கள் தெரு நாய்கள் தெங்கேரா வரை ஓடின.

அவர் காய்கறி போட்ட நிலம், அதை ஒட்டிய வீட்டில் இருந்த ஒரு பீபியுடையது. பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய மலாக்காச் செட்டி வீட்டு அம்மா, அவர்களைப் பீபி என்றுதான் அழைப்போம். பேசுவது மலாய், சாமி முன்னால் மட்டும் நாலு தமிழ் வார்த்தை வரும். பீபியின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அது கண்ணை மூடும்போதெல்லாம் டமாரம் வண்டியைக் கிளப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பீபி மலாயில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிலம் போனால் டமாரத்துக்குச் சோறில்லை.

நான் எதிர்வீட்டுக்காரன், அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. புதுக்குழாய் சிங்கப்பூரிலிருந்துதான் வரவேண்டும் என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு டமாரம் நேரே என்னிடம் வந்தார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், கிராணியாரே. அந்தக் காசுக்குத் துரையவே திரும்ப வரவழைச்சிடலாம் லா!"

முதலில் கோப்பிக்கடையில் பொறுக்கிய கெட்டிப்பால் டின்களின் அடியை வெட்டி, ஒன்றோடொன்று செருகி மாட்டினார். டின்களைக் கழுவவில்லை. எஞ்சின் சூடேறியதும் தெருவெல்லாம் பால்கோவா வாசனை. எந்த வீட்டில் விசேஷம் என்று பெண்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் டின்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அடுத்து மூங்கில். அது தீப்பிடித்து ஒரு வெண்டைப் பாத்தி கருகியது.

அப்புறம் பழைய மோட்டார் காடிகளில் குழாய் தேடினார். கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டு வைத்திருந்தார், அதுதான் அளவு. நிற்கிற காடி எதைக் கண்டாலும் அடியில் படுத்து அளந்துவிடுவார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலில் ஒரு கல்யாணம். மாலையும் கழுத்துமாக மணமக்கள் வெளியே வந்தால், அலங்கரித்த காடிக்கு அடியில் இரண்டு கால்கள்!

"ஐயோ, ஆள் அடிபட்டுட்டான்!" என்று பெண்ணின் தாய் அலறினார். கரி அப்பிய முகத்தோடு டமாரம் ஊர்ந்து வெளியே வந்தார்.

"ஒன்னும் இல்லம்மா. அளவு கச்சிதம்." பிறகு மாப்பிள்ளையிடம் பணிவாக, "தம்பி, இந்தக் காடி எப்ப செத்துப்போவும்?"

பெண்ணின் தாய்மாமன் அவரைத் தெருக்கோடி வரை துரத்தினார். ஓடிக்கொண்டே டமாரம், "அவசரமில்லீங்க, சொல்லி அனுப்புங்க!" என்றாராம்.

கடைசியில் தெங்கேரா பழைய இரும்புக் கடையில் பொருத்தமான குழாய் கிடைத்தது. கடை முதலாளி சீனத் தவுக்கே எட்டு வெள்ளி விலை கேட்டார். டமாரம் ஒரு கூடை பயற்றங்காயை நீட்டினார். தவுக்கே குழாயைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். இதை டமாரம் பீபி வீட்டு வேலியோரம் சத்தமாக நடித்துக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சம்பள நாள், எட்டு வெள்ளி என் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சத்தமே இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, அத்தனை கனமான டிராக்டரைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து மேல்மூச்சு வாங்கியது. வாய் மட்டும் மெல்ல, "டுர்ர்ர்... டுர்ர்ர்..." என்றது.

"மண்வெட்டியால கொத்தலாமே, அண்ணே?"

"ஷ்ஷ்! பிள்ள தூங்குது. மண்வெட்டிய எடுத்தா டிராக்டர் மனசு கஷ்டப்படாதா?"

ஜன்னலில் பீபி குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பிக் குழந்தையை மகளிடம் கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகம் முடிந்ததும் சைக்கிளில் தெங்கேராவுக்கு ஓடினேன். தவுக்கே கையை விரித்தார். காலையிலேயே ஒரு பீபி வந்து, பேரமே பேசாமல், அந்தக் குழாயை வாங்கிப் போய்விட்டாராம்.

டமாரத்தின் நிலம் பிழைத்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் குழாயை நான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.